ஜப்பானின் 14 நாள் கணக்கு: ஓர் அட்டை, இரண்டு அலுவலகங்கள்

மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் விசாவோடு நரிதா விமான நிலையத்திலோ ஹானேடாவிலோ இறங்குகிறவருக்குக் குடியேற்றக் கவுன்டரிலேயே ஓர் அட்டை கைக்கு வந்துவிடும். ஏடிஎம் கார்டு அளவு, உள்ளே சிப். ஜப்பானிய மொழியில் 'ஜைரியூ கார்டு', நம்மவர்கள் பேச்சில் ரெசிடென்ஸ் கார்டு. முன்பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, வதிவிடத் தகுதி (எந்த வகையில் தங்கலாம் என்ற அனுமதி, பேச்சு வழக்கில் 'விசா'), அது முடியும் நாள். முகவரிக் கட்டத்தில் மட்டும் 'இன்னும் முடிவாகவில்லை. அறிவித்தபின் பின்பக்கத்தில் எழுதப்படும்' என்று அச்சாகியிருக்கும்.

அந்த ஒரு வரியில் ஜப்பானின் பதிவுமுறை முழுவதும் அடங்கியிருக்கிறது. இந்த நாட்டில் நீங்கள் என்ன செய்யலாம், எத்தனை நாள் இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது குடியேற்றத் துறை. அதை எல்லோரும் 'நியூகான்' என்கிறார்கள். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை எழுதிவைப்பது வார்டு ஆபீஸ் அல்லது நகராட்சி. இரண்டுக்கும் 14 நாள் கெடு உண்டு, ஆனால் அவை வெவ்வேறு 14 நாட்கள், வெவ்வேறு செய்திகளுக்கானவை. வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, ஓர் இடத்தில் சொன்னால் மற்ற இடத்துக்கும் தெரிந்துவிடும் என்று நினைப்பதால் வருகின்றன. சில செய்திகள் அப்படித் தானாகப் போய்ச் சேருகின்றன, சில போவதில்லை. எது போகும், எது போகாது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ரேகையிலிருந்து குடிப்பதிவு வரை

இன்றைய முறை 2012 ஜூலை 9-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் இருந்ததன் பெயர் 'வெளிநாட்டவர் பதிவுச் சட்டம்'. 1952 ஏப்ரல் 28-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ அமைதி ஒப்பந்தம் அமலாகி ஜப்பான் மீண்டும் இறையாண்மை பெற்ற அதே நாளில் அந்தச் சட்டமும் பிறந்தது. காலனி ஆட்சிக் காலத்தில் ஜப்பானியக் குடிகளாகவே கணக்கிடப்பட்ட கொரியர்களும் தைவானியர்களும் அன்றோடு ஜப்பானியக் குடியுரிமையை இழந்து வெளிநாட்டவர் ஆனார்கள். ஆகவே அந்தச் சட்டம் முதன்மையாக எதிர்கொண்டது கப்பலேறி வரும் அந்நியரை அல்ல, ஏற்கெனவே அங்கேயே குடியிருந்தவர்களை. அதன் நோக்கத்தில் கண்காணிப்பு தூக்கலாக இருந்ததற்கு இதுவே காரணம்.

1955 முதல் பதிவின்போது இடது ஆள்காட்டி விரலின் ரேகையும் எடுக்கப்பட்டது. 14 வயதானாலே கட்டாயம். 1982-ல்தான் அது 16 ஆனது. ஜப்பானியர்களிடம் ரேகை வாங்குவது குற்றம் சுமத்தப்பட்டால்தான். அதே தெருவில் பிறந்து அதே பள்ளியில் படித்த கொரியப் பிள்ளை மட்டும் 14 வயதில் மையில் விரலை உருட்ட வேண்டியிருந்தது. 1980-ல் டோக்கியோவின் ஷின்ஜுகு வார்டில் ஹான் ஜோங்-சொக் என்ற கொரியர் ரேகை வைக்க மறுத்தார். வழக்கு நடந்தது, மறுப்பு இயக்கமாகப் பரவி 1985-ல் உச்சம் தொட்டது. அரசு சிறிது சிறிதாக இறங்கிவந்தது. 1987 திருத்தத்தில் ரேகை ஒருமுறை வைத்தால் போதும் என்றானது. 1993 முதல் நிரந்தர வாசிகளுக்கு விலக்கு கிடைத்தது. 2000 ஏப்ரலில் ரேகை அடியோடு நீக்கப்பட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2007 நவம்பரில், விமான நிலைய நுழைவில் அது வேறு உருவில் திரும்பி வந்தது. காலனிக் காலத்துக் குடிகளின் வழிவந்த 'சிறப்பு நிரந்தர வாசி'களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு.

பழைய முறையில் இன்னொரு கோணலும் இருந்தது. ஜப்பானியக் குடும்பங்களை வீடுவாரியாகப் பதிவு செய்யும் 'ஜூமின்ஹியோ' என்ற குடிப்பதிவில் வெளிநாட்டவருக்கு இடமில்லை, அவர்களுக்குத் தனிப் பதிவேடு. ஜப்பானியப் பெண்ணை மணந்த வெளிநாட்டவர் இருபது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தாலும், குடிப்பதிவு நகல் எடுத்தால் மனைவி பெயர்தான் இருக்கும். வற்புறுத்திக் கேட்டால் குறிப்புப் பகுதியில் ஒரு வரி சேர்ப்பார்கள். 2003 பிப்ரவரியில் யோகோஹாமாவின் நிஷி வார்டு, ஆற்றில் ஒதுங்கி ஊருக்கே செல்லப்பிள்ளையாகிவிட்ட 'தாமா-சான்' என்ற கடல்நாய்க்கு விளையாட்டாகக் குடிப்பதிவு வழங்கியது. கடல்நாய்க்குக் கிடைத்தது வரி கட்டும் எங்களுக்கு இல்லையா என்று கேட்டு, முகத்தில் மீசை வரைந்துகொண்டு வெளிநாட்டவர் சிலர் ஆற்றங்கரையில் நின்றார்கள்.

2009-ல் நிறைவேறி 2012-ல் அமலான திருத்தம் பழைய சட்டத்தை ஒழித்து, வெளிநாட்டவரையும் குடிப்பதிவுக்குள் கொண்டுவந்தது. இதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. முன்பு விசா முடிந்தவர்கூட நகராட்சியில் பதியலாம்; 'வதிவிடத் தகுதி இல்லை' என்று எழுதியே அட்டை தந்தார்கள். புதிய முறையில் தகுதி இல்லாதவருக்குப் பதிவும் இல்லை. முகவரியைத் தவிர்த்த மற்ற அதிகாரமெல்லாம் நகராட்சியிடமிருந்து நியூகானுக்குப் போனது. 2024 இறுதியில் ஜப்பானில் வசித்த சுமார் 37.7 லட்சம் வெளிநாட்டவரில் பெரும்பாலோர் இந்த இரட்டைக் கணக்கில்தான் வாழ்கிறார்கள்.

வார்டு ஆபீஸில்

14 நாள் என்பது நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து அல்ல, குடியிருக்கும் இடம் முடிவான நாளிலிருந்து. ஹோட்டலில் கழித்த முதல் வாரம் கணக்கில் வராது. அதற்காக இழுத்துக்கொண்டே போகவும் முடியாது. புதிதாக வந்தவர் தகுந்த காரணமின்றி 90 நாளுக்குள் முகவரி அறிவிக்காவிட்டால் வதிவிடத் தகுதியையே ரத்து செய்ய இடமுண்டு. அதற்கும் முன்பே அன்றாடம் முடங்கிவிடும். முகவரி எழுதாத அட்டையை வைத்துக்கொண்டு மொபைல் இணைப்பு வாங்குவது கடினம். மொபைல் எண் இல்லாமல் வங்கிக் கணக்கு கடினம். கணக்கு இல்லாமல் சம்பளம் வராது. ஆகவே வீட்டுச் சாவி கையில் கிடைத்த மறுநாளே வார்டு ஆபீஸுக்குப் போவது நல்லது. மார்ச் கடைசியும் ஏப்ரல் முதல் வாரமும் ஊரே வீடு மாறும் காலம் என்பதால் அப்போது அரைநாள் காத்திருக்க நேரும்.

கொண்டுபோக வேண்டியவை: வீட்டில் உள்ள எல்லோருடைய அட்டைகளும், எல்லோருடைய பாஸ்போர்ட்டுகளும். அட்டைகளின் பின்பக்கத்தில் முகவரி எழுத வேண்டும் என்பதால் குழந்தையின் அட்டையை வீட்டில் விட்டுப் போனால் இன்னொரு நடை. குடும்பமாகப் போகிறவர்கள் மறக்கும் சங்கதி, உறவைக் காட்டும் சான்று. திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் ஜப்பானிய மொழிபெயர்ப்போடு வேண்டும். நீங்களே மொழிபெயர்க்கலாம், முத்திரை வேண்டாம், மொழிபெயர்த்தவர் பெயர் இருந்தால் போதும். சான்று இல்லாவிட்டாலும் பதிவு நடக்கும். ஆனால் குடிப்பதிவில் 'மனைவி', 'மகள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'தொடர்புடையவர்' என்ற பொருளில் ஒரு சொல்லை எழுதிவிடுவார்கள். பின்னர் மனைவியின் விசா புதுப்பிப்பிலோ குழந்தை உதவித்தொகையிலோ அந்தச் சொல் வந்து குறுக்கே நிற்கும்.

தமிழர்களுக்கு இந்த இடத்தில் சிக்கல் சற்றுக் கூடுதல். நம் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டின் 'சர்நேம்' கட்டத்தில் தந்தை பெயரையோ கணவர் பெயரையோ போடுகிறோம், அல்லது காலியாக விடுகிறோம். முருகேசன் மகன் செந்தில், மனைவி கவிதா, மகள் இனியா என்று ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அட்டையில் இவர்கள் முறையே 'முருகேசன் செந்தில்', 'செந்தில் கவிதா', 'செந்தில் இனியா' ஆகிறார்கள். ஒரே வீட்டுக்கு ஒரே குடும்பப் பெயர் என்று பழகிய எழுத்தர், தந்தைக்கு மட்டும் வேறு பெயர் ஏன் என்று கேட்பார். மருத்துவமனையில் செந்திலை 'முருகேசன்-சான்' என்று, ஊரில் இருக்கும் அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். பழகிப்போகும். உறவுச் சான்று இல்லாமல் இந்தப் பெயர்களை மட்டும் பார்த்தால் யாருக்கு யார் என்ன உறவு என்று ஒருவராலும் சொல்ல முடியாது என்பதுதான் இங்கே பொருட்டு.

பெயரை, வெளிநாட்டுப் பெயர்களுக்குப் பயன்படும் கத்தகானா எழுத்தில் எப்படி எழுதுவது என்பதையும் முதல் நாளே முடிவு செய்து, தாளில் குறித்துவைத்து, எல்லா இடத்திலும் அதையே கொடுக்க வேண்டும். 'தி'யும் 'ழ'வும் 'ள்'ளும் வரும் நம் பெயர்களை இரண்டு மூன்று விதமாக எழுத முடியும். வங்கியில் ஒருவிதமும் கம்பெனிச் சம்பளப் பிரிவில் இன்னொருவிதமும் இருந்தால், வங்கிப் பரிமாற்றம் கத்தகானாப் பெயரைத்தான் ஒப்பிடும் என்பதால், முதல் மாதச் சம்பளம் திரும்பிப் போகும்.

முகவரி அறிவித்ததும் வார்டு ஆபீஸ் அதை நியூகானுக்கு அனுப்பிவிடும். இதற்காக நீங்கள் அங்கே போக வேண்டாம். அதே பதிவிலிருந்து வேறு கிளைகளும் முளைக்கின்றன. கம்பெனிக் காப்பீடு இல்லாதவர் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும், 20 வயது முதல் 59 வரை உள்ளவர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர வேண்டும். தாமதமாகச் சேர்ந்தாலும் காப்பீட்டுக் கட்டணம் குடியேறிய மாதத்திலிருந்தே கணக்காகும். சேரத் தாமதித்து மிச்சம் பிடிக்க முடியாது. இந்தியக் கம்பெனி அனுப்பி வருகிறவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. 2016 அக்டோபரில் அமலான இந்திய-ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி, ஐந்து ஆண்டு வரையிலான பணிக்கு இந்தியாவில் வாங்கிய சான்றைக் காட்டினால் ஜப்பானிய ஓய்வூதியம் கட்ட வேண்டாம். மருத்துவக் காப்பீட்டுக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது.

சில வாரங்களில் 'மை நம்பர்' என்ற 12 இலக்கத் தனிநபர் அடையாள எண் பதிவுத் தபாலில் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிராவிட்டால் கடிதம் திரும்பிவிடும். விண்ணப்பித்து வாங்கும் மை நம்பர் அட்டையில் ஒரு கண்ணி இருக்கிறது. அதன் காலாவதி நாள் உங்கள் விசா முடியும் நாளேதான். நியூகான் விசாவை நீட்டித்த செய்தி நகராட்சிக்குப் போய்ச் சேரும், அட்டைக்குள் இருக்கும் சிப்புக்குப் போகாது. பழைய தேதி முடிவதற்குள் புது ரெசிடென்ஸ் கார்டோடு வார்டு ஆபீஸ் போய், கடவு எண் அடித்து நீட்டித்துக்கொள்ள வேண்டும். தவறினால் அட்டை செத்துவிடும். புதிதாக விண்ணப்பித்து, 1,000 யென் கட்டி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். விசா விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வதிவிடம் அதிகபட்சம் இரண்டு மாதம் தானாக நீள்கிறது. அப்போதும் மை நம்பர் அட்டையைத் தனியாக நீட்டிக்க வேண்டும். இரண்டு அட்டைகளையும் ஒன்றாக்கிக்கொள்ள விருப்பத் தேர்வு தரும் சட்டம் 2024-ல் நிறைவேறியதற்கு இந்த இரட்டை நடையும் ஒரு காரணம்.

வீடு மாறும்போது இன்னொரு நகராட்சிக்குப் போவதானால் பழைய இடத்தில் வெளியேற்ற அறிவிப்பு கொடுத்து, அந்தச் சான்றோடு புதிய இடத்தில் 14 நாளுக்குள் பதிய வேண்டும். மை நம்பர் அட்டை இருந்தால் வெளியேற்ற அறிவிப்பை இணையத்திலேயே கொடுத்துவிடலாம், ஆனால் புதிய ஊரில் நேரில்தான் போக வேண்டும். டோக்கியோவில் எடோகாவாவிலிருந்து பக்கத்துக் கோட்டோவுக்கு மாறினாலும் இதே கதை; அங்கே வார்டு ஒவ்வொன்றும் தனி நகராட்சிக்குச் சமம். அறிவிக்காமல் விட்டால் குடிப்பதிவுச் சட்டப்படி 50,000 யென் வரையும், குடியேற்றச் சட்டப்படி 2 லட்சம் யென் வரையும் அபராதம் எழுதியிருக்கிறார்கள். சில வாரத் தாமதத்துக்குப் பெரும்பாலும் ஒரு விளக்கக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். பொய் முகவரி கொடுப்பது மட்டும் வேறு வகை. அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு, தகுதி ரத்தும் உண்டு.

நியூகானிடம் நேராகச் சொல்ல வேண்டியவை

அதிகம் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். வேலை விசாவில் இருப்பவர் வேலையை விட்டாலோ புதிதாகச் சேர்ந்தாலோ 14 நாளுக்குள் நியூகானுக்கு அறிவிக்க வேண்டும். மாணவர் கல்லூரி மாறினாலும் அப்படியே. கம்பெனி பெயர் மாறினாலும், இன்னொன்றோடு இணைந்தாலும், அலுவலக முகவரி மாறினாலும் அறிவிக்க வேண்டியது ஊழியர்தான். இதைக் கம்பெனிகளே பல நேரம் சொல்வதில்லை. வெளிநாட்டு ஊழியர் சேர்ந்ததையும் விலகியதையும் அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான 'ஹலோ வொர்க்'கிற்குக் கம்பெனி தெரிவிக்கும். 'நாங்கள் சொல்லிவிட்டோம்' என்று மனிதவளப் பிரிவு சொல்வது அதைத்தான். அது கம்பெனியின் கடமை. உங்கள் கடமை அதனால் தீராது.

செய்வதோ பத்து நிமிட வேலை. நியூகானின் இணைய அறிவிப்புத் தளத்தில் முடித்துவிடலாம், அல்லது ஒரு பக்கப் படிவத்தை அட்டை நகலோடு டோக்கியோவுக்குத் தபாலில் அனுப்பலாம். கட்டணம் கிடையாது. கெடு தாண்டிவிட்டது என்று தெரிந்தால் சும்மா இருந்துவிடாமல் அன்றைக்கே அனுப்புங்கள், வாங்கிக்கொள்வார்கள். சட்டத்தில் இதற்கும் 2 லட்சம் யென் வரை அபராதம் உண்டு. நடைமுறையில் வலி வேறிடத்தில் வரும். அடுத்த புதுப்பிப்பில் 3 ஆண்டோ 5 ஆண்டோ எதிர்பார்த்தவருக்கு 1 ஆண்டு கிடைக்கும். எத்தனை ஆண்டு தருவது என்று முடிவு செய்கையில் இந்த அறிவிப்புகள் ஒழுங்காக வந்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள்.

'சார்ந்திருப்பவர்' விசாவிலோ 'ஜப்பானியரின் வாழ்க்கைத்துணை' விசாவிலோ இருப்பவருக்கு வேலை அறிவிப்பு தேவையில்லை. விவாகரத்தோ துணையின் இறப்போ நேர்ந்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். துக்க வீட்டில் யாருக்கும் இது நினைவிருக்காது. உடனிருப்பவர்கள்தான் நினைவூட்ட வேண்டும்.

ஜப்பானில் குழந்தை பிறந்தால் இரண்டு வாசலும் ஏற வேண்டும், கெடுவும் வேறு வேறு. பிறப்பு அறிவிப்பு வார்டு ஆபீஸில் 14 நாளுக்குள். வதிவிடத் தகுதிக்கான விண்ணப்பம் நியூகானில் 30 நாளுக்குள். அங்கே பிறந்தால் ஜப்பானியக் குடியுரிமை வராது. பெற்றோர் இருவரும் இந்தியர் என்றால் குழந்தையும் வெளிநாட்டவர்தான். இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட் வர 30 நாளுக்கு மேல் ஆகலாம் என்பதால், பாஸ்போர்ட்டுக்குக் காத்திராமல் பிறப்புச் சான்றை வைத்தே விண்ணப்பிக்க வேண்டும். 60 நாள் கடந்தும் தகுதி இல்லையென்றால் குழந்தையின் பெயர் குடிப்பதிவிலிருந்து நீங்கும். மருத்துவக் காப்பீடு சிக்கலாகும்.

இன்னொரு கடமைக்கு அலுவலகமே போக வேண்டாம், சட்டைப்பை போதும். 16 வயது நிரம்பியவர் அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் ஈடாகாது, போனில் படமும் ஈடாகாது. கையில் இல்லாவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம். போலீஸ் கேட்டுக் காட்ட மறுத்தால் ஓராண்டு வரை சிறை. ரேகை ஒழிந்தும், குடிப்பதிவில் இடம் கிடைத்தும், பழைய சட்டத்திலிருந்து உருமாறாமல் வந்த மிச்சம் இதுதான். சிறப்பு நிரந்தர வாசிகளுக்கு மட்டும் 2012-ல் இதிலிருந்து விடுதலை கிடைத்தது. தொலைந்தால் போலீஸ் சாவடியில் புகார் எண் வாங்கி, 14 நாளுக்குள் நியூகானில் மறுபிரதி கேட்க வேண்டும்.

கிளம்பும்போது

வந்தபோது காட்டிய கவனத்தை வெளியேறும்போது பலர் காட்டுவதில்லை. இழப்பு அங்கே அதிகம். உள்ளூர் குடியிருப்பு வரி ஜனவரி 1-ஆம் தேதி நீங்கள் எங்கே பதிந்திருக்கிறீர்கள் என்பதை வைத்து, முந்தைய ஆண்டு வருமானத்தின் மேல் விதிக்கப்படுகிறது. ஏறத்தாழ 10 சதவீதம். முதல் ஆண்டு வராது, இரண்டாம் ஆண்டு ஜூனில் திடீரெனச் சம்பளம் குறைந்தது ஏன் என்று புதியவர்கள் கேட்பதற்கு விடை இதுவே. டிசம்பர் இறுதிக்குள் வெளியேற்ற அறிவிப்பு கொடுத்து நாட்டைவிட்டுக் கிளம்பியவருக்கு அடுத்த ஜூன் பில் இல்லை. ஜனவரி முதல் வாரம் கிளம்பியவருக்கு முழு ஆண்டுப் பில் உண்டு, அவர் போனபிறகு வரும் அந்தப் பில்லைக் கட்ட ஜப்பானில் ஒருவரை வரிப் பொறுப்பாளராக அறிவித்துவிட்டுப் போக வேண்டும்.

வெளியேற்ற அறிவிப்பு கொடுக்காமல், விமான நிலையத்தில் வழக்கம்போல் 'சிறப்பு மறுநுழைவு' கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த டிக், ஓராண்டுக்குள் திரும்பி வருவேன் என்று பொருள்படும். அதனால் குடிப்பதிவு உயிரோடு இருக்கும், காப்பீட்டுக் கட்டணமும் ஓய்வூதியக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். ஓராண்டு தாண்டினால் தகுதி போய்விடும். அந்தக் கெடுவை வெளிநாட்டிலிருந்து நீட்டிக்க வழியில்லை. ஆறு மாதமாவது கட்டிய ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறவும் ஜப்பானில் முகவரி இல்லாதவராக இருப்பது நிபந்தனை, அதற்கு இரண்டு ஆண்டு கெடு.

ஒரேயடியாகக் கிளம்புகிறவர் வார்டு ஆபீஸில் முகவரியை முடித்துவிட்டு, விமான நிலையக் கவுன்டரில் அட்டையை நீட்டி, திரும்பி வரவில்லை என்று சொன்னால் போதும். அதிகாரி அட்டையில் துளை போட்டுக் கையில் திருப்பிக் கொடுப்பார்.